வெறுந்தண்ணீர்

தணல் வார்டுக்குள் மஞ்சள் நிறத்துக்கு அனுமதி கிடையாது. பச்சைக்கும் சிவப்புக்கும் கிடையாது. மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்து வடித்த வெள்ளைச் சோறு, தோல் சீவிய உருளைக்கிழங்கு, ஆடை எடுத்த பால், வெள்ளைச் சர்க்கரை. ஏழு நாளைக்கு இவ்வளவுதான். இங்கிருந்து பிழைத்துப் போனவர்கள் வீட்டில் முதல் வாய் புளிக்குழம்பு உள்ளே இறங்கியதும் கண்ணீர் விட்டதாகக் கேள்வி.

இந்தச் சமையற்கட்டுக்கு ஐந்து வருடமாகத் தங்கபுஷ்பம்தான் மேற்பார்வையாளர். வார்டில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் வெள்ளைக்காரி. ஆள் என்னவோ தூத்துக்குடி உப்பளத்து வெயில் இருபது வருடம் வாட்டியெடுத்த நிறம். பெயர் சோற்றுக்காக வந்தது. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகும் ஒவ்வொரு பையையும் அவளே பிரித்துப் பார்ப்பாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வேளாங்கண்ணித் தீர்த்தம் என்று சொல்லி மாதுளைச் சாறு கொண்டுவந்தார். ஒருத்தி கைக்குழந்தையின் துணிக்குள் எலுமிச்சை ஊறுகாயை ஒளித்துக் கொண்டுவந்தாள். இருவரையும் அவள் பிடித்தாள், திட்டினாள், பிறகு அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் கதையையும் கேட்டாள். திட்டுவதில் கஞ்சத்தனம் இல்லாத மாதிரியே கேட்பதிலும் அவளுக்குக் கஞ்சத்தனம் இல்லை.

மாத்திரைகளும் ஊசிகளும் கிருமிகளிடம் தோற்றுப்போய் இருபது வருடம் ஆகிறது. ஒரு முள் குத்தினால் சாவு என்ற நிலை வந்தபோதுதான் தணல் வந்தது. அது ஒரு சொட்டு மருந்து. உடம்பின் வெள்ளையணுக்களை உசுப்பிவிட்டு, கிருமிகளை உள்ளேயே எரிக்கச் செய்யும். எரிகிறதா இல்லையா என்பது மூச்சில் தெரியும். காலையும் மாலையும் நோயாளி ஒரு குழாயில் ஊத வேண்டும். எரிவெண் நாற்பதைத் தாண்டினால் பிழைத்தான். ஐந்தாம் நாள் காலைவரை தாண்டவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். தணலைத் தயாரிப்பது கஷ்டம், அளந்துதான் கொடுப்பார்கள். நோயாளியை மேற்குக் கட்டடத்துக்கு மாற்றி, அவன் அட்டையில் 'எரியா உடம்பு' என்று முத்திரை குத்திவிடுவார்கள். மேற்குக் கட்டடத்திலிருந்து நடந்து வெளியே வந்தவர்கள் யாரும் இல்லை.

முத்திரை செத்தவனோடு போவதில்லை என்பதுதான் கொடுமை. அது பரம்பரைக் கோளாறு என்று அரசாங்கம் முடிவு கட்டியிருந்தது. காரணமும் இருந்தது. மாவட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு எரியா உடம்புகள். அதில் நூற்றுத் தொண்ணூறு பேர் உப்பளத்துக்காரர்கள். ஆகவே அவர்களின் பிள்ளைகளும் எரியா உடம்புப் பட்டியலில் ஏறினார்கள். பட்டியலில் இருப்பவர் மேல் எந்த மருத்துவரும் கத்தி வைக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் கிருமி வந்தால் காப்பாற்ற வழியில்லையே, அதனால்.

தங்கபுஷ்பத்தின் புருஷன் ஞானமுத்து அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவன். எட்டு வருடத்துக்கு முன்பு, இந்த வார்டு திறந்த புதிதில், காலில் உப்பு அரித்த புண்ணோடு வந்து படுத்தவன். அப்போது வெள்ளைச் சாப்பாட்டு விதியெல்லாம் கிடையாது. மூன்று வருடம் கழித்துத்தான் சென்னையிலிருந்து விலக்க வேண்டிய சாமான்களின் பட்டியல் வந்தது, நூற்றுப் பதினான்கு பொருள். பயிற்சியில் அதைக் கையில் கொடுத்த அன்று தங்கபுஷ்பம் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். நெல்லிக்காய், எலுமிச்சை, மஞ்சள், தேயிலை, காப்பி, முருங்கைக்கீரை. இதில் எதையாவது அவருக்குக் கொடுத்தோமா? இல்லை. அந்த மனுஷனுக்குச் சோறே இறங்கவில்லை. கடைசிவரை தண்ணீர் மட்டும்தான். அன்று அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, நிம்மதியில் அழுதாள்.

*

அந்தப் புதன்கிழமை காலை உலகம்மாள் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் சுடலைமணி ஒன்பதாம் படுக்கையில் இருந்தான். முப்பத்தாறு வயது. பாத்தியில் உப்பு வாரும்போது குதிகாலில் கண்ணாடித்துண்டு ஏறி, கால் தொடைவரை வீங்கிவிட்டது. இன்று நான்காம் நாள்.

"யக்கா, பதினொண்ணுதான் காட்டுது. நேத்தும் பதினொண்ணு. எதுக்குக்கா ஏற மாட்டக்கு?"

"டாக்டரம்மா பாக்காவல்லா. நாளைக் காலைவரைக்கும் நேரம் இருக்கு. நீ ஏதாவது சாப்பிட்டியா?"

"எனக்கு என்னத்துக்குச் சாப்பாடு. ரெண்டு பிள்ளைய இருக்கு. எங்க வீட்டுக்காரவியளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாளப்பின்ன பிள்ளைய மேலயும் முத்திரை குத்திருவாவளாமே?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தண்ணி தண்ணின்னு கேக்காவ. முடிஞ்சுகிட்டு வந்ததும் தீந்துபோச்சு."

தங்கபுஷ்பம் மேசை மேலிருந்த பீங்கான் சாடியைத் திறந்து, கைநிறையக் கருப்பட்டித் துண்டுகளை அள்ளி அவள் முந்தானையில் போட்டாள். உப்பளத்துச் சனங்களுக்கு இது ஒரு பழக்கம். நாள்முழுக்க உப்புக்காற்றில் நின்று நாக்கு மரத்துப்போயிருக்கும். வெறுந்தண்ணீர் தொண்டையில் நிற்காது. ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டுதான் செம்பைத் தூக்குவார்கள். வெறுந்தண்ணீரை நீட்டினால், எழுந்து போ என்று சொன்ன மாதிரி. இதை யாரும் தின்பண்டமாகக் கணக்கில் எடுப்பதில்லை. செம்பு மாதிரி, கை மாதிரி, அதுவும் தண்ணீர் குடிப்பதில் ஒரு பாகம்.

"தைரியமா இரு" என்றாள். உலகம்மாள் முடிச்சைப் போட்டுக்கொண்டு போனாள்.

*

மதியம் தங்கபுஷ்பம் வளாகத்துக்குப் பின்னாலிருந்த ஊழியர் குடியிருப்புக்கு ஓடினாள். மகள் ஜெனோவா கட்டிலில் சாய்ந்து, வயிற்றின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, நிறைமாதம். மாப்பிள்ளை செல்வின் கப்பலில் இருந்தான்.

"நல்ல மேசை கெடச்சிருக்கு ஒனக்கு" என்றாள் தங்கபுஷ்பம்.

"சும்மா இருக்க மாட்டக்காம்மா. இப்பகூட எத்திச்சு, அப்பளம் உருண்டுபோச்சு." சிரித்தவள், சிரிப்பு நின்றதும் சொன்னாள். "காலைல மறுபடி திருப்பிப் பாத்தாவ. திரும்பல. குறுக்கதான் கெடக்கு."

"அடுத்த வாரம் திரும்பும்."

"திரும்பலன்னா? அந்த டாக்டரு என் அட்டையப் பாத்துட்டு மூஞ்சியவே நிமித்தல. 'கடவுளை வேண்டிக்கங்க'ன்னாவ. ஆஸ்பத்திரியில அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

குறுக்கே கிடக்கும் பிள்ளையைக் கத்தி வைக்காமல் எடுக்க முடியாது. பட்டியலில் இருப்பவள் மேல் கத்தி வைக்க மாட்டார்கள். பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தங்கபுஷ்பம் மகளின் காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள்.

"அப்பாமேல எனக்குக் கோவமே வரலம்மா" என்றாள் ஜெனோவா. "பாவம், அவிய என்ன வேணும்னா எரியாம இருந்தாவ?"

*

மூன்று மணிக்கு டாக்டர் நிலோஃபர் சமையற்கட்டுக்கு வந்தாள். வாணியம்பாடிக்காரி, முப்பது வயது, இந்த வார்டுக்கு வந்து ஒன்றரை மாதம். வந்த நாளிலிருந்து எரியா உடம்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவள் முகம் சுளித்துவிடும்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க கிச்சனை ஒரு தடவை முழுசாப் பாக்கணும். ஒன்பதாம் பெட்டுக்கு ரத்தம் நல்லா இருக்குது, வெள்ளையணு நல்லா இருக்குது, மருந்தும் உள்ள போகுது. எரிய மாட்டேங்குது. எனக்கு மண்டை வெடிக்குது."

"பாருங்க டாக்டரம்மா. நான் என்ன ஒளிச்சா வச்சிருக்கேன்."

சமையற்கட்டில் ஊதா நீர் என்று ஒன்று உண்டு. சமைத்த ஒவ்வொன்றிலும் கரண்டியளவு எடுத்து, இரண்டு சொட்டு விடவேண்டும். ஊதா ஊதாவாகவே நின்றால் சாப்பாடு வார்டுக்குப் போகலாம். வெளுத்தால் குப்பைக்கு. நிலோஃபர் சோற்றிலும் கிழங்கிலும் பாலிலும் தானே விட்டுப் பார்த்தாள். எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் அசையாமல் நின்றன. அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நானும் அஞ்சு வருசமா இதைச் செய்யுதேன்" என்றாள் தங்கபுஷ்பம். "நிறம் இருந்தா அணைச்சிரும்னு சொல்லிக் குடுத்தாவ. எதுக்கு அணைக்குன்னு ஒருத்தரும் சொல்லல."

"மூச்சு இழுக்கறோமே, அதுல இருக்கற ஆக்சிஜன் சாது. வெள்ளையணு ஒரு கிருமியை முழுங்கினதும் அந்தச் சாதுவைப் பிடிச்சு, ஒரு எலக்ட்ரானை அது தலையில ஏத்திடும். அதுக்கு வெறி பிடிச்சிடும். கண்ணுல பட்டதையெல்லாம் கடிக்கும். அதுல இருந்து பெராக்சைடு வரும். அது நம்ம ரத்தத்துல இருக்கற உப்போட சேர்ந்தா, பிளீச்சிங் பவுடர் இருக்குதே, கிட்டத்தட்ட அதுவே வரும்."

"ஒடம்புக்குள்ளயா?"

"உடம்புக்குள்ளதான். கிருமியோட தோலை ஓட்டை போடும், உள்ள இருக்கற புரதத்தைக் கிழிக்கும், அது தன்னைப் படியெடுக்கற ஏட்டையே பொசுக்கிடும். இரும்பு துருப்பிடிச்சு உதிருதே, அந்த மாதிரி. பழைய மருந்தெல்லாம் ஒரு இடத்துல அடிக்கும், கிருமி அந்த இடத்தை மாத்திக்கிட்டுத் தப்பிச்சுடும். இது எல்லா இடத்துலயும் அடிக்குது. எங்க தப்பிக்கறது?"

தங்கபுஷ்பம் யோசித்தாள். "எங்க காலப் புண்ணாக்குறதும் உப்பு, ஆத்துறதும் உப்பா. நல்லா இருக்கு கூத்து. அப்ப எலுமிச்சம்பழம் என்ன செய்யுது?"

"வெறி பிடிச்சது முதல்ல எது எதிர்ல நிக்குதோ அதைக் கடிக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், தேயிலை எல்லாம் என்னைக் கடின்னு முன்னாடி போய் நிக்கற சாமான். மத்த நாள்ல அதுங்கதான் நம்மளைக் காப்பாத்துது. தணல் ஓடறப்போ கிருமியைக் காப்பாத்திடுது." நிலோஃபர் நெற்றியைத் தேய்த்தாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க அக்கா. காலைல இருந்து ஒண்ணும் குடிக்கல."

தங்கபுஷ்பம் பானையிலிருந்து தண்ணீர் மொண்டாள். சாடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து, செம்போடு நீட்டினாள்.

"இது வேணாம். வெறும் தண்ணி போதும்."

"வெறுந்தண்ணியா? வந்தவியளுக்கு வெறுந்தண்ணி குடுத்தா நல்லாவா இருக்கும். கடிச்சுக்கிட்டுக் குடிங்க, தொண்டை நனையும்."

நிலோஃபர் சிரித்துக்கொண்டே வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். கறுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மோந்தாள்.

"அக்கா. உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தான் குடிப்பாங்களா?"

"உப்பளத்துக்காரவிய எல்லாரும்."

"நோயாளிக்கும் இப்படித்தான் குடுப்பாங்களா?"

"பின்ன? சீக்காளிக்கு வெறுந்தண்ணி குடுக்க மனசு வருமா?" என்று சொல்லி முடிக்கும்போதே தங்கபுஷ்பத்தின் குரல் தேய்ந்தது. "பட்டியல்ல இது இல்லியே டாக்டரம்மா. மூணாம் பக்கத்துல சர்க்கரை குடுக்கலாம்னு இருக்கு."

"அது வெள்ளைச் சர்க்கரை. பட்டியல் எழுதினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது. என்ன குடுத்தீங்கன்னு கேட்டப்போ யாரும் இதைச் சொல்லியிருக்கவும் மாட்டாங்க. தண்ணிதானே குடுத்தாங்க." நிலோஃபர் துண்டின் முனையைக் கரண்டியில் நசுக்கித் தண்ணீரில் கரைத்தாள். ஊதா நீர் புட்டியை எடுத்தாள்.

இரண்டு சொட்டு விழுந்தது. ஊதா சுருண்டது, மங்கியது, வெளிறிய மஞ்சளாகிப் போனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மேசையின் இந்தப் பக்கம் ஊதா நீர். அந்தப் பக்கம் சாடி. நடுவில் ஒரு முழம். ஐந்து வருடமாக இரண்டையும் தினமும் துடைத்து வைத்தவள் அவள்தான்.

தங்கபுஷ்பம் ஓடினாள். நாற்பத்தெட்டு வயதில், வார்டு தாழ்வாரத்தில், செருப்பு ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக. ஒன்பதாம் படுக்கையில் உலகம்மாள் புருஷன் தலையைத் தூக்கிப் பிடித்து, உதட்டுக்குள் ஒரு துண்டை வைத்துக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் அவன் வாய்க்குள் விரலை விட்டு அதை வெளியே எடுத்தாள்.

"யக்கா! என்னக்கா செய்யுதிய?"

"இனிமே வெறுந்தண்ணிதான். ஒரு துண்டு கூடாது. இதுதான் அணைச்சிருக்கு."

உலகம்மாளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முந்தானை முடிச்சைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "நானா? நானா அவியளுக்கு..."

"நீ இல்ல. காலைல அள்ளிப் போட்டது யாரு? என் சாடி, என் கை. அழாத. நேரம் இருக்கு."

அன்று மாலை எரிவெண் பதினான்கு. வியாழக்கிழமை காலை, மருந்தை நிறுத்த வேண்டிய நேரத்தில், இருபத்துமூன்று. நிலோஃபர் முத்திரைக் கட்டையைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெரிய டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டு ஒரு நாள் வாங்கினாள். வெள்ளிக்கிழமை காலை சுடலைமணி குழாயில் ஊதியபோது எண் நாற்பத்தாறில் நின்றது. உலகம்மாள் தரையில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே மெல்ல அடித்துக்கொண்டு சிரித்தாள்.

வார்டே கொண்டாடியபோது தங்கபுஷ்பம் சமையற்கட்டில் இருந்தாள். சாடியைக் கவிழ்த்துக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். கடைசிவரை தண்ணீர் மட்டும்தான் என்று எட்டு வருடமாகச் சொல்லி வந்த வாக்கியம் இப்போது வாயில் திரும்பி வந்து நின்றது. என் ராசா, நீ எரிந்திருப்பாயே என்று முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையின் நடுவில்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அழுகை சட்டென்று நின்றுபோனது.

ஞானமுத்து படுத்திருந்த நாட்களில் அவள் உப்பளத்தில் இருந்தாள். அறுவடை நேரம், விடுப்பு கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் படுக்கையருகே உட்கார்ந்திருந்தவள் ஜெனோவா. தண்ணீர் கொடுத்த கை பதினான்கு வயது மகளின் கை.

*

நிலோஃபர் எழுதியதற்குச் செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து பதில் வந்தது. அரசாங்கம் இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது நிலோஃபருக்கே ஆச்சரியம். இருநூற்றுப் பன்னிரண்டு முத்திரைகளையும் மறுபரிசீலனை செய்யலாம். ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு வாக்குமூலம் வேண்டும். நோயாளிக்குத் தணல் காலத்தில் கருப்பட்டி கொடுக்கப்பட்டதா, கொடுத்தவர் யார், கையொப்பம். அது வந்தால் அந்தக் குடும்பம் பட்டியலிலிருந்து நீங்கும்.

"கொடூரமா இருக்குது அக்கா" என்றாள் நிலோஃபர். "செத்துப்போனவருக்கு யார் குடுத்தாங்கன்னு வீடு வீடாப் போய்க் கேக்கணும். பொண்டாட்டி, அம்மா, பிள்ளை... நான்தான் குடுத்தேன்னு கையெழுத்துப் போடணும்."

"போடுவாவ. உசுரோட இருக்கிற பிள்ளையளுக்காகப் போடுவாவ. நானும் கூட வாரேன். நம்ம பேச்சுல சொன்னா கொஞ்சம் தாங்கும்." தங்கபுஷ்பம் கையை நீட்டினாள். "மொதத் தாள எனக்குக் குடுங்க."

நோயாளி: ஞானமுத்து. கொடுத்தவர் பெயர்: தங்கபுஷ்பம். உறவு: மனைவி. பள்ளிக்கூடம் ஐந்தோடு நின்ற கையெழுத்து, ஆனால் தெளிவாக இருந்தது.

நிலோஃபர் பழைய நோயாளிக் கோப்பைத் திறந்து, தாளை அதில் சேர்க்கப் போனாள். முதல் பக்கத்தில் அவள் கண் நின்றது. உடனிருப்பவர்: மகள், வயது பதினான்கு. ஐந்து நாளுக்கும் அதே வரி, ஐந்து நாளுக்கும் சின்னப் பெண்ணின் உருண்டையான கையெழுத்து.

"அக்கா, இதுல உடனிருந்தது..."

"அதுல என்ன இருக்கோ இருக்கட்டும். இந்தத் தாளு கேக்கிறது குடுத்தவரு பேரு."

மின்விசிறிக் காற்றில் கோப்பின் பக்கம் படபடத்தது. நிலோஃபர் பேனாவை எடுத்து, வாக்குமூலத்தின் கீழே சாட்சி என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். கோப்பை மூடினாள்.

"ஜெனோவாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வச்சிடலாம். அதுக்கப்புறம் முன்னெச்சரிக்கையா ஏழு நாள் தணல், நம்ம வார்டுலயே." கொஞ்சம் தயங்கினாள். "இனிமே ஒவ்வொரு ரூம்லயும் கருப்பட்டி கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டணும். ஜெனோவா இருக்கற ரூம்ல மட்டும் ஒட்ட வேணாமா? ஏழு நாள்தானே."

தங்கபுஷ்பத்துக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒட்டாவிட்டால், தன் கை அப்பாவுக்குக் கொடுத்தது என்னவென்று மகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

"அந்த ரூமுல பக்கத்துக் கட்டிலுக்கு ஒருத்தி வருவா. அவ ஆத்தா முடிஞ்சுகிட்டு வருவா. வாசல்ல என் கண்ணு தப்பிருச்சுன்னா? ஒட்டணும் டாக்டரம்மா. நானே ஒட்டுதேன்."

*

பேரன் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பிறந்தான். வெளியே வந்தும் குறுக்கேதான் படுப்பேன் என்று அடம்பிடித்தான். தையல் போட்ட இடம் சுத்தமாக இருந்தது. ஜெனோவா முதல் நாளே எரிவெண் ஐம்பத்தெட்டு ஊதினாள். அந்த வார்டில் அது பெரிய எண். பட்டியல் தப்பு என்று மட்டும்தான் அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள்.

"அப்பா ரத்தம் எரியாதுன்னாவ" என்று நர்சிடம் பெருமையடித்தாள். "பாத்தியளா?"

மூன்றாம் நாள் காலை, கட்டிலின் தலைமாட்டைச் சற்றே உயர்த்தி அவளை உட்கார வைத்தார்கள். அதுவரை அவள் கண்ணுக்குப் படாத எதிர்ச்சுவர் அப்போதுதான் பட்டது. தங்கபுஷ்பம் பிள்ளைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் படிப்பது முதுகுக்குப் பின்னாலேயே அவளுக்குத் தெரிந்தது.

நோயாளிக்கு வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்கவும். கருப்பட்டி கூடாது. அது தணலை அணைத்துவிடும்.

பிள்ளை தூக்கத்தில் சப்புக்கொட்டியது.

"யம்மா. அப்பாவுக்கு..."

"நான்தான் குடுத்தேன்" என்றாள் தங்கபுஷ்பம், திரும்பாமல். "கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ஆபீஸ்ல இருக்கு."

"நீ பாத்தியில நின்னம்மா. விடியப் போனா வெளக்கு வைக்கும்போதுதான் வருவ. வாயில வச்சது நான்."

தங்கபுஷ்பம் துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மகளின் கை ஜில்லென்று இருந்தது. அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, நான் சொல்லுததக் கேளு. தெனமும் காலைல ஒடச்சு ஒன் பாவாடை நுனியில முடிஞ்சுவிட்டது யாரு? அப்பா தண்ணி கேட்டா வெறுந்தண்ணி குடுத்திராதன்னு சொல்லிட்டுப் போனது யாரு? எனக்குச் சொன்னது என் ஆத்தா, அவளுக்குச் சொன்னது யாரோ. அந்தத் தாளுல ஒரு பேருக்குத்தான் எடம் இருந்துச்சு. என் பேரப் போட்டேன். அதுல பொய் எதுவும் இல்ல."

ஜெனோவா அழுதாள். தையல் வலிக்குமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். தங்கபுஷ்பமும் அழுதாள். பிள்ளை மட்டும் அசையாமல் தூங்கியது.

"கடைசி நாளு சிரிச்சாவம்மா" என்றாள் ஜெனோவா ஒருவழியாக. "கண்ணே தொறக்கல. நாக்குல இனிப்புப் பட்டதும் சிரிச்சாவ."

"சிரிப்பாவ. இனிப்புன்னா அவியளுக்கு உசுரு" என்றாள் தங்கபுஷ்பம். கடைசி நாள் அவர் சிரித்ததை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறியிருந்தது. மகள் அம்மாவின் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தொண்டை காயுது. தண்ணி குடும்மா."

தங்கபுஷ்பம் எழுந்து பானையிலிருந்து மொண்டாள். இடது கை பழக்கத்தில் சாடியைத் தேடிப் போய், வெறும் மேசையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. டம்ளரை நீட்டினாள். ஜெனோவா இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"சப்புன்னு இருக்கு" என்றாள் ஜெனோவா. டம்ளரை மறுபடி நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."